சும்மா வெளியே போய்ச் சாப்பிடுதல்: அகத்திணை நோக்கில் ஒரு முதற்கட்ட ஆய்வு

ஆய்வுப் பொருளும் அதன் பெயரும்

கல்யாணமாகி 14 வருஷமான ஒரு கணவனும் மனைவியும், பையனைப் பாட்டியிடம் விட்டுவிட்டு, ஒரு சனிக்கிழமை இரவு சென்னை நகரத்துக்குள் எங்காவது போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள். சின்ன விஷயம்தானே என்று இதில் இறங்கியவர்கள் யாரும் இரவு ஒன்பது மணிக்கு முன் சாப்பிட்டதாக இவ்வாய்வாளர் அறியவில்லை.

ஆங்கிலம் படித்த உலகம் இதை டேட் நைட் என்கிறது. தமிழ் வீட்டுக்குள் இந்தச் சொல் நுழைவது கஷ்டம். டேட் என்ற நாற்காலியில் ஏற்கெனவே மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். காலண்டரில் கிழிக்கிற டேட் ஒருவர். ‘டேட் குடுத்துட்டாங்களா?’ என்று பக்கத்து வீட்டு மாமி விசாரிக்கும் டேட் இன்னொருவர். அது பிரசவமாக இருக்கலாம், கண்புரை ஆபரேஷனாக இருக்கலாம், தாயாதிச் சண்டை முற்றிய வீடாக இருந்தால் கோர்ட்டாகவும் இருக்கலாம். மூன்றாமவர், ரத்தம் குறைவு என்று டாக்டர் சொன்னால் சிரப் பாட்டிலில் வந்து சேரும் பேரீச்சம்பழம். என் அம்மாவிடம், ‘சனிக்கிழமை நாங்க டேட் போறோம்’ என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். ‘எந்த ஆஸ்பத்திரி?’ என்றார். சொல்லாராய்ச்சியின்படி அவர் கேட்டது சரி.

ஆகவே தமிழர் இதற்கு வேறொரு சொல்லை எடுத்தார்கள். ‘சும்மா வெளிய போயிட்டு வரலாம்.’ இந்தச் சும்மாவை அகராதிக்காரர்கள் சும்மா விட்டிருக்கக் கூடாது. காசில்லாமல் கொடுத்தாலும் சும்மா, காரணமில்லாமல் அழுதாலும் சும்மா, பொய் சொல்லி மாட்டிக்கொண்டாலும் ‘சும்மா சொன்னேன்.’ இரண்டு தடவை சொன்னால் அடிக்கடி என்று பொருள் மாறிவிடும். அருணகிரிநாதருக்கு முருகன் அருளிய உபதேசமே சும்மா இருக்கச் சொன்னதுதான் என்பார்கள். அது எவ்வளவு கடினமான சாதனை என்று சன்மார்க்கிகளுக்குத் தெரியும். சும்மா வெளியே போவது அதைவிடக் கடினம் என்பது சம்சாரிகளுக்குத் தெரியும். மூன்று நாள் முன்பே திட்டமிட வேண்டும். திட்டமிட்டது வெளியே தெரிந்துவிடவும் கூடாது. தெரிந்தால் சும்மாத்தன்மை போய்விடும். இஸ்திரி போட்ட சட்டையை இஸ்திரி போடாதது மாதிரி போட்டுக்கொள்ள வேண்டும்.

முன்னோர் மொழிந்தவை

இத்துறையில் முதல் நூல் தொல்காப்பியம். காதலர் சந்திக்கும் இடத்துக்குக் குறி என்று பெயர் வைத்து, பகற்குறி, இரவுக்குறி என்று தொல்காப்பியர் இரண்டாகப் பிரித்தார். பகலில் சந்திப்பது வீட்டு மதிலுக்கு வெளியே. இரவில் சந்திப்பது, வீட்டிலுள்ளோர் பேச்சுக் காதில் விழும் தூரத்துக்குள்.

இந்த இரண்டாவது விதி முதல் பார்வைக்கு வழக்கொழிந்ததாகத் தோன்றும். இரவில் நாம் அண்ணா சாலையில் உட்கார்ந்திருக்கிறோம், மனையோர் நங்கநல்லூரில் டிவி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், பேச்சு எப்படிக் கேட்கும்? செல்போன் வந்தபின் விதி மறுபடி உயிர்பெற்றுவிட்டது. மெனு கார்டைத் திறந்த நிமிஷத்தில், ‘ரிமோட்டை எங்க வச்சிருக்கீங்க?’ என்ற மனையோர் கிளவி தெளிவாகக் காதில் விழுகிறது. ரிமோட் கிடைத்ததும், ‘கொசுவத்தி எங்க?’

தொல்காப்பியர் சொன்னதில் என்னை மிகவும் கவர்ந்தது அல்லகுறிப்படுதல். தலைவன் இரவில் வந்ததைத் தெரிவிக்க ஓர் ஓசை எழுப்புவான். குளத்தில் கல்லெறிவான், மரத்துப் பறவைகளைக் கலைப்பான். அந்தச் சத்தம் கேட்டுத் தலைவி குறியிடத்துக்கு வருவாள். சில நாள் கல் விழாமலே தேங்காய் தானாக விழுந்துவிடும். அதை அவன் செய்த குறி என்று நம்பி அவள் இருட்டில் வந்து, நின்று பார்த்து, யாருமில்லாமல் திரும்பிப் போவாள். பின்னால் அவன் நிஜமாகவே வந்து கல்லெறியும்போது, இது தேங்காய்தான் என்று அவள் வரமாட்டாள். இரண்டு பேருமே சரியாக நடந்துகொண்டு, இரண்டு பேருமே ஏமாறுகிற இந்த நிலைக்கு ஒரு தனித் துறை வகுத்தவர்கள் நம்மவர்கள். களப்பணி இயலில் இது மீண்டும் வரும். தேங்காயை நினைவில் வைத்துக்கொள்க.

‘எங்க சாப்பிடலாம்?’ என்னும் வினாவும் அதற்கு வரும் விடைகளும்

பத்தாம் வகுப்பில் எல்லோரும் மனப்பாடம் செய்து, தேர்வு எழுதிய மறுநாள் மறந்த பகுதி இது. பவணந்தி முனிவர் நன்னூலில் வினா ஆறு, விடை எட்டு என்றார். முனிவர் ஆயிற்றே, இல்லறத்தில் இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்று நினைத்திருந்தேன். எட்டில் ஏழு ஒரே சனிக்கிழமை மாலையில் எங்கள் கூடத்தில் வந்து நின்றதைப் பார்த்தபின் அந்த எண்ணத்தை மாற்றிக்கொண்டேன்.

முதலில் வினா. ‘நாம வெளிய போய்ச் சாப்பிட்டு எவ்ளோ நாளாச்சு?’ இது பார்வைக்கு அறியா வினா, ஏதோ நாள் கணக்குத் தெரியாமல் கேட்பது போல. பதினேழு நாள் என்று உண்மையான கணக்கைச் சொன்ன ஒருவர் எனக்குத் தெரிந்து உண்டு. அவர் அன்றிரவு உப்புமா சாப்பிட்டார். இது ஏவல் வினா. வண்டிச் சாவியை எடு என்று பொருள்.

சாவியை எடுத்த கையோடு, ‘எங்க சாப்பிடலாம்?’ என்று கேட்க வேண்டும். இதற்கு வரும் விடைகளில் முதல் மூன்று வெளிப்படை, பின் ஐந்து குறிப்பு.

சுட்டு விடை, அதாவது ‘அந்தக் கடை’ என்று கைகாட்டுவது, எங்கள் வீட்டில் கல்யாணமான முதல் வருஷத்தோடு வழக்கொழிந்தது. மறை விடை மிகச் செழிப்பாக வழங்குகிறது: ‘அங்க வேணாம்.’ நேர் விடை ‘சரி’ என்பது. இதில் ஈற்று இகரத்தின் மாத்திரையை அளந்து பார்க்காமல் செருப்பு மாட்டக் கூடாது. ‘சரி’ என்றால் சரி. ‘சரீ...’ என்று அளபெடுத்தால் சரியில்லை.

ஏவல் விடை: ‘நீங்களே சொல்லுங்க.’ வினா எதிர் வினாதல்: ‘நான் சொன்ன இடத்துக்கு எப்ப போயிருக்கோம்?’ உற்றது உரைத்தல்: ‘மத்தியானம் சாப்பிட்டதே இன்னும் நெஞ்சுல நிக்குது.’ உறுவது கூறல்: ‘அங்க போனா பார்க்கிங் கிடைக்காது.’ இனமொழி விடைதான் நுட்பமானது. பிரியாணி நன்றாக இருக்குமா என்று கேட்டால், ‘அங்க காபி நல்லாருக்கும்’ என்று வரும். பிரியாணியைப் பற்றி அவள் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை, ஆனாலும் அந்தக் கடையின் பிரியாணி அந்த இடத்திலேயே செத்துவிட்டது.

பவணந்தியார் கணக்கில் வராத ஒன்பதாவது விடையை இங்கே முன்மொழிகிறேன். ‘எனக்கு எங்க வேணாலும் ஓகே.’ இதன் வடிவம் நேர் விடை. பொருள் ஏவல். பயன் மறை. ஏனென்றால் இதைக் கேட்டபின் நாம் எந்தப் பெயரைச் சொன்னாலும் இரண்டாவது விடையான ‘அங்க வேணாம்’ வந்துவிடும். இந்த விடையைப் பெண்பாலுக்கே உரியதாகச் சிலர் சொல்லித் திரிகிறார்கள். அது ஆண்பால் ஆய்வாளர்களின் ஓரவஞ்சனை. கைபேசியில் பழைய செய்திகளைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்ததில், ‘எங்க வேணாலும்’ என்று நான் எழுதியது அவள் எழுதியதைவிட அதிகம். இந்தத் தரவை வெளியிட எனக்கு விருப்பமில்லை, நேர்மைக்காகச் சேர்த்திருக்கிறேன்.

மேலைநாட்டார் கோட்பாடுகள், சுருக்கமாக

1951-ல் அண்ணா சாலையில் புஹாரி ஓட்டல் திறந்தது. அதே வருஷம் அமெரிக்காவில் கென்னத் ஆரோ ஒரு புத்தகம் போட்டார். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வாய்ப்புகள் முன்னால் இருந்தால், பலருடைய விருப்பங்களைக் கூட்டி எல்லோருக்கும் நியாயமான ஒரே வரிசையாக்கும் குறையற்ற முறை கிடையாது என்று கணிதப்படி நிறுவினார். அவருக்குப் பின்னாளில் நோபல் பரிசும் கிடைத்தது. புஹாரியின் மெனுவில் மூன்றுக்கு மேற்பட்ட வாய்ப்புகள் இருந்தன. இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்கள் அன்று யாரும் இல்லை.

1957-ல் டங்கன் லூஸ், ஹோவர்ட் ரைஃபா என்ற இருவர் விளையாட்டுக் கோட்பாட்டில் ஒரு தம்பதியைக் கொண்டுவந்தார்கள். அவருக்குக் குத்துச்சண்டை பார்க்க ஆசை, அவளுக்கு பாலே நடனம். ஆனால் தனித்தனியாகப் போவதைவிட, பிடிக்காத இடத்துக்கானாலும் சேர்ந்து போவதே இருவருக்கும் மேல். ஆளுக்கொரு இடத்தில் போய் நின்றால் அந்த மாலைக்கு மதிப்பெண் மிகக் குறைவு. தேங்காயோடு சேர்த்து இதையும் நினைவில் வைக்கவும்.

மூன்றாவது, ஜெர்ரி ஹார்வி 1974-ல் எழுதிய அபிலீன் முரண். இது எனக்கு மிகவும் நெருக்கமானது. டெக்சாஸில் கோல்மன் என்ற சிற்றூர், நாற்பது டிகிரி செல்சியஸ் வெயில். மாமனார், மாப்பிள்ளை, பெண், மாமியார் நால்வரும் திண்ணையில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார்கள். மாமனார், அபிலீன் போய்ச் சாப்பிட்டு வரலாமா என்கிறார். எல்லோரும் நல்ல யோசனை என்கிறார்கள். ஏசி இல்லாத காரில், புழுதியில், 53 மைல் போய், வாயில் வைக்க முடியாத சாப்பாட்டைச் சாப்பிட்டு, 53 மைல் திரும்பி வருகிறார்கள். போக வர காஞ்சிபுரம் போய்வருவதைவிடக் கூடுதல் தூரம். வந்து உட்கார்ந்தபின்தான் தெரிகிறது, நாலு பேரில் ஒருவருக்கும் போக இஷ்டமில்லை. மற்றவர்களுக்கு இஷ்டம் என்று நினைத்து ஒவ்வொருவரும் தலையாட்டியிருக்கிறார்கள். ஹார்வி மேலாண்மைப் பேராசிரியர். இதை அலுவலகங்களின் நோய் என்று எழுதினார். மாமியார் வீட்டில் கண்டதை அலுவலகத்தின் மேல் போட்டு எழுதியதிலிருந்து அவர் விவரமானவர் என்று தெரிகிறது.

முதற்பொருள், கருப்பொருள்

நிலமும் பொழுதும் முதற்பொருள். பொழுதை முதலில் பார்ப்போம். ஒரு நாளை நாலு நாலு மணி நேரமாக ஆறு சிறுபொழுதுகளாக்கினால், மாலை ஆறிலிருந்து இரவு பத்து வரை உள்ளது மாலை. மாலை முல்லைக்கு உரியது. முல்லையின் உரிப்பொருள் இருத்தல், அதாவது பிரிந்தவர் வரும்வரை ஆற்றியிருத்தல். சனிக்கிழமை எட்டு மணிக்குச் சென்னையில் எந்த நல்ல ஓட்டல் வாசலிலும் போய்ப் பாருங்கள். பெயரை எழுதிக்கொடுத்துவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில், உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் கை கழுவ எழுந்திருக்க மாட்டார்களா என்று எட்டிப் பார்த்தபடி ஆற்றியிருப்பார்கள். ‘ஒரு டென் மினிட்ஸ் சார்’ என்ற தோழி கூற்றும் உண்டு. குறிஞ்சிக்கு உரிய யாமம் பத்து மணிக்கு மேல்தான் வருகிறது. அதற்குள் பையன் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறான் என்று போன் வந்துவிடும்.

நிலம் என்றால் சென்னைக்காரருக்கு நெய்தல்தான். பெசன்ட் நகர் கடற்கரை, கார்ல் ஷ்மிட் நினைவு மண்டபத்துக்குப் பக்கத்து மணல், மிளகாய் பஜ்ஜி, சுண்டல். 1930-ல் கடலில் உயிரிழந்த டென்மார்க் மாலுமி ஒருவருக்காகக் கட்டியது அந்த வெள்ளை மண்டபம். அதன் நிழலில் இத்தனை காலமாக எத்தனை பேர் காதலைச் சொல்லியிருப்பார்கள்! நெய்தலின் உரிப்பொருளே இரங்கல் என்பதை நினைத்தால் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

கடற்கரையைப் பற்றி நடைமுறைக் குறிப்பு ஒன்று. சினிமா பார்த்துவிட்டு, சூரியன் கடலில் மறைவதைப் பார்க்கலாம் என்று யாரையும் இங்கே கூட்டிப் போகாதீர்கள். நம் கடல் கிழக்கே இருக்கிறது. சூரியன் மறைவது நம் முதுகுக்குப் பின்னால், யாரோ வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே. நமக்குக் கொடுத்துவைத்தது நிலா. பௌர்ணமியன்று சூரியன் மறையும் நேரத்தை ஒட்டிக் கடலிலிருந்து எழும். அதற்குப்பின் சராசரியாக நாளொன்றுக்கு 50 நிமிஷம் தாமதம். பௌர்ணமி முடிந்து இரண்டு மூன்று நாள் கழித்துப் போனால், சாப்பிட்டுவிட்டு மணலில் போய் உட்கார எட்டரை மணி வாக்கில் கரிய கடலிலிருந்து மாம்பழத் துண்டு போல அது மேலே வரும். ஐந்து பைசா செலவில்லாத இந்த ஏற்பாட்டை நான் மனைவிக்குக் காலண்டரும் கையுமாக விளக்கினேன். ‘மணல்ல உக்காந்தா புடவை என்னத்துக்காகும்?’ என்றாள். வினா எதிர் வினாதல்.

ஜெமினி மேம்பாலம் அருகே உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இருந்த காலத்தில் இந்தச் சிக்கலெல்லாம் இல்லை என்பார்கள். 1962-ல் தொடங்கியது. மரநிழலில் காரை நிறுத்தினால், காருக்கே தட்டு வந்து மாட்டும். நாலு சக்கரமுள்ள தனியறை. 2008-ல் மூடினார்கள்; 2010-ல் அந்த இடம் செம்மொழிப் பூங்கா ஆனது. போண்டா இருந்த இடத்தில் செம்மொழி வந்தது. செம்மொழியைக் கொண்டு போண்டாவை மீட்க முடியுமா என்பதுதான் என் முயற்சி.

இனிக் கருப்பொருள். ஒவ்வொரு திணைக்கும் தெய்வம், உணவு, விலங்கு, பறவை, பறை என்று உண்டு. எங்கள் திணைக்கு உணவு கோபி மஞ்சூரியன். பதினான்கு வருஷமாக எந்த ஓட்டலில் உட்கார்ந்தாலும் முதலில் வருவது அதுதான். ‘ஒரு கோபி மஞ்சூரியன், ட்ரை, ரெண்டு பேரும் ஷேர் பண்ணிக்கறோம்.’ இதன் மூதாதையான சிக்கன் மஞ்சூரியனை 1975-ல் மும்பையில், கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவின் சமையலறையில், நெல்சன் வாங் உருவாக்கினார் என்பார்கள். மஞ்சூரியாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. காலிஃபிளவருக்கும் மஞ்சூரியனுக்கும் உள்ள சம்பந்தம் பின்னால் நடந்த ஏற்பாட்டுக் கல்யாணம். 2024 மார்ச்சில் கர்நாடக அரசு கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறமி சேர்க்கத் தடை போட்டபோது, செய்தியைப் படித்துவிட்டு நான் அவளுக்காக வருத்தப்பட்டேன். அவள் எனக்காக வருத்தப்பட்டிருக்கிறாள். அது எனக்கு அப்போது தெரியாது.

களப்பணி

சனிக்கிழமை. அவளுக்கு ஆறு மணி வரை அரும்பாக்கத்தில் வேலை. எனக்கு அண்ணா சாலையில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை இருந்தது. வெவ்வேறு திசையிலிருந்து வந்து ஓர் இடத்தில் சேர்வதாக ஏற்பாடு. சங்ககாலத்துக்கு மிக நெருக்கமான ஆய்வுச் சூழல்.

நான்கு மணிக்குச் செய்தி அனுப்பினேன். ‘நாம முதல்ல போன இடம். 7.30.’ ஒரு கட்டைவிரல் வந்தது. நேர் விடை.

நாங்கள் முதலில் சேர்ந்து சாப்பிட்டது ஊர் முழுக்கக் கிளை பரப்பிய ஒரு சைவ ஓட்டலில். எந்தக் கிளை என்று நானும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறந்துவிட்டதாக ஆகிவிடும். பதினான்கு வருஷம் ஆன வீட்டில் இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. தலைவன் கல்லை எறிந்துவிட்டான், தலைவிக்குச் சத்தமும் கேட்டுவிட்டது. எந்தக் குளம் என்பது மட்டும் பாக்கி.

ஏழரைக்கு ஆயிரம் விளக்கு கிளை வாசலில் நின்றேன். கையில் அட்டை வைத்திருந்த பையன் கேட்டான்.

‘எத்தனை பேர் சார்?’

‘ரெண்டு.’

‘இன்னொருத்தர் வந்துட்டாங்களா?’

‘வந்துட்டே இருக்காங்க.’

‘அவங்களும் வந்தாதான் சார் டேபிள் தருவோம்.’

முக்கால் மணி நேரம் ஆற்றியிருந்தேன். முல்லைப்பூ விற்கும் அம்மாவிடம் இரண்டு முழம் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். இது கருப்பொருள் கணக்கில் வரும். எங்கள் குடியிருப்புச் சங்கப் பொருளாளர் குடும்பத்தோடு வந்தவர், ‘என்ன சார், தனியாவா?’ என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் உள்ளே போனார். அலர் என்பது இப்படித்தான் தொடங்கும். அப்புறம் போன் செய்தேன்.

‘எங்க இருக்க?’

‘வெளியதான் நிக்கிறேன். நீங்க எங்க?’

‘நானும் வெளியதான். பீடாக் கடை பக்கத்துல.’

கொஞ்ச நேரம் சத்தமில்லை. ‘இங்க பீடாக் கடையே இல்லையேங்க.’

அவள் வடபழனி கிளையில் நின்றிருந்தாள். நாங்கள் முதலில் போனது கல்யாணமான வாரம், ஆயிரம் விளக்கு என்பது என் வாதம். அதற்கு நாலு மாதம் முன்பே, நிச்சயதார்த்தம் முடிந்த மறுநாள், வடபழனியில் சாப்பிட்டோம் என்பது அவள் வாதம். அன்று அவளுடைய அண்ணனும் கூட வந்திருந்தார். அதனால் நான் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. அண்ணன் இருந்தும் அவள் சேர்த்திருந்தாள். இந்த ஒரு விவரத்தைக் கேட்டதும் பீடாக் கடை வெளிச்சத்தில் எனக்குக் கொஞ்சம் கூச்சமாகிவிட்டது.

‘நீ அங்கயே இரு, நான் வரேன்.’

‘வேணாம், நான் வரேன். நீங்க அலையாதீங்க.’

‘இல்ல, நான்தான்...’

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கிளம்பினால் ஆலந்தூரில் எதிரெதிர் ரயிலில் கடந்துபோவோம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம். மணி எட்டரை. பசி. கடைசியில் அவள்தான் சொன்னாள், ‘ஆளுக்கு அங்கங்கயே சாப்பிட்டுடலாங்க. போனை வெக்காதீங்க.’ லூஸும் ரைஃபாவும் மிகக் குறைந்த மதிப்பெண் கொடுத்த கட்டத்தில் நாங்கள் அதிகாரபூர்வமாக உட்கார்ந்தோம். தனியாள் என்றதும் இருவருக்குமே உடனே இடம் கிடைத்தது, கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில்.

காதில் இயர்போன். எதிரே காலி நாற்காலி, அதன்மேல் முல்லைப்பூப் பொட்டலம்.

‘என்ன சொல்லியிருக்க?’

‘ஃபலூடா.’

‘சாப்பாட்டுக்கு முன்னாடியா?’

‘ஆமா. எப்பவும் கடைசியில வயிறு நிறைஞ்சிடுது. இன்னிக்குத்தான் யாரும் இல்லையே. அப்புறம் சில்லி பரோட்டா. நீங்க?’

கொஞ்சம் தயங்கினேன். ‘தயிர் சாதம்.’

‘தயிர் சாதம் சாப்பிடறதுக்கா ஆயிரம் விளக்கு வரைக்கும் போனீங்க?’ என்று சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை எதிரே உட்கார்ந்து நான் கேட்டு வெகு நாளாகியிருந்தது. எதிரே உட்கார்ந்தால் இருவருமே போனைப் பார்ப்போம். இப்போது போனுக்குள் அவள் ஒருத்திதான் இருந்தாள். நடுவில் இரண்டு முறை கால் வெயிட்டிங்கில் அம்மா வந்தார். இரவுக்குறி விதி காப்பாற்றப்பட்டது.

ஊடல் பற்றிச் சொல்லாமல் இக்கட்டுரை நிறைவுபெறாது. காமத்துப்பாலில் கடைசி மூன்று அதிகாரங்களை ஊடலுக்கே ஒதுக்கிய வள்ளுவர், புலவியை உணவில் உப்புக்கு ஒப்பிட்டார். அளவு தப்பினால் கெட்டுவிடும். ‘நீங்க வடபழனியை மறந்துட்டீங்கல்ல’ என்று அவள் பரோட்டாவுக்கு நடுவில் மூன்று தடவை சொன்னாள். மூன்று சிட்டிகை சரியான அளவு என்று குறித்துக்கொண்டேன். நாலாவது வந்திருந்தால் தயிர் சாதம் கரித்திருக்கும்.

பில் வந்தது. மத்திய வரி இரண்டரை சதவீதம், மாநில வரி இரண்டரை சதவீதம். ஒரு தட்டுத் தயிர் சாதத்தை இரண்டு அரசுகளும் சச்சரவில்லாமல் சமபாதியாகப் பங்கிட்டுக்கொண்டதைப் பார்க்க நிறைவாக இருந்தது.

ஆலந்தூர்

ஆலந்தூர் மெட்ரோ நிலையத்தில் இரண்டு வழித்தடங்களும் வேறு வேறு தளத்தில் சந்திக்கின்றன. நான் என் ரயிலிலிருந்து இறங்கி எஸ்கலேட்டருக்குப் பக்கத்தில் நின்றேன். பத்து மணிக்கு அவள் வந்தாள். பூவைக் கொடுத்தேன், கொஞ்சம் வாடியிருந்தது. வாங்கிக்கொண்ட அவள் கையில் ஒரு பார்சல் பை. என் கையிலும் ஒன்று.

‘பையனுக்கா?’ என்று கேட்டேன்.

‘இல்ல, உங்களுக்குத்தான். இன்னிக்கு நீங்க சொல்லலையேன்னு. கோபி மஞ்சூரியன்.’

என் பையைத் திறந்து காட்டினேன். அதே சிவப்பு, அதே வெங்காயத்தாள், அலுமினிய டப்பாவில் மூடியோரம் எண்ணெய் கசிந்திருந்தது.

‘உனக்குப் பிடிக்குமேன்னு வாங்கினேன்.’

‘எனக்கா? எனக்கு அந்த வாசனையே ஆகாதுங்க. நீங்கதான் ஆசையா சாப்பிடுவீங்களேன்னு...’

ஒரு ரயிலை விட்டுவிட்டோம். நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்து மூலப்பிரதியைத் தேடினோம். வடபழனி, நிச்சயத்துக்கு மறுநாள். மெனு கார்டு அண்ணன் கையில். அவர்தான் ஆர்டர் பண்ணினார். வருங்கால மைத்துனர் வாங்கித் தருகிறாரே என்று நான், ‘ரொம்ப நல்லாருக்கு’ என்றேன். அவர் சொன்னாரே, வருபவர் ரசிக்கிறாரே என்று அவள் இரண்டாவது துண்டையும் எடுத்துக்கொண்டாள். நான் அதைக் கவனித்துவிட்டேன். அவள் நான் கவனித்ததைக் கவனித்துவிட்டாள். அங்கிருந்து பதினான்கு வருஷம், மாதம் ஒரு தட்டு. ஹார்வியின் குடும்பம் அபிலீனுக்கு ஒரே ஒருமுறைதான் போய்வந்தது.

‘எங்கண்ணனுக்காவது பிடிக்குமா?’ என்றாள். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள இருவருக்கும் தைரியம் வரவில்லை.

வீட்டுக்குப் போனபோது பையன் தூங்கியிருந்தான். ரிமோட் கையில் இருக்க அம்மா விழித்திருந்தார். இரண்டு டப்பாவையும் சாப்பாட்டு மேஜையில் வைத்து, நாளைக்கு வேலைக்கார அம்மாவிடம் கொடுத்துவிடலாம் என்று பேசிக்கொண்டே உடை மாற்றப் போனோம். திரும்பி வந்தபோது அம்மா பல் செட்டைப் போட்டுக்கொண்டு மேஜை முன் உட்கார்ந்திருந்தார். ஒரு டப்பா காலி. இரண்டாவதின் மூடியைத் திறந்தபடி எங்கள் இருவரையும் நிமிர்ந்து பார்த்தார்.

‘ஏண்டா, இத்தனை வருஷமா இதை நீங்க ரெண்டு பேர் மட்டுமேவா தின்னுட்டு வந்தீங்க?’